இந்தச் செங்கல் சூளையில் நிலைக்குமா?



ஒரே அளவுள்ள இரண்டு செங்கற்கள் உங்கள் முன்னே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 230 மில்லிமீட்டர் நீளம், 114 மில்லிமீட்டர் அகலம், 64 மில்லிமீட்டர் தடிமன். முதல் கல் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும். இரண்டாவது கல் ஒரு கிலோதான். நகத்தால் கீறினாலே தூள் உதிரும். உடைத்துப் பார்த்தால் ரொட்டித் துண்டைப்போல உள்ளே எல்லாம் ஓட்டை. மண்பாண்டம் சுடும் சூளைக்கு உட்சுவர் எழுப்ப இவற்றில் எதை எடுப்பீர்கள்? சூளைக்குள் வெப்பநிலை 1,200 பாகை செல்சியஸ் வரை போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலான கைகள் கனமான கல்லுக்கே உயரும். கனமாக இருப்பது உறுதியானது, உறுதியானது நெருப்பைத் தாங்கும் என்பது நம் கணக்கு. ஆனால் இன்று சிறிய மின்சூளைகளிலும் எரிவாயுச் சூளைகளிலும் உட்சுவராக இருப்பது பெரும்பாலும் அந்த ரொட்டிக் கல்தான். அதற்கு வெப்பக்காப்புத் தீச்செங்கல் என்று பெயர். ‘மென்கல்’ என்றே இந்தக் கட்டுரையில் அதை அழைப்போம். கனமான தீச்செங்கல்லை ‘வன்கல்’ என்போம்.

காற்றைச் சுட்டு எடுத்த கல்

மென்கல்லும் களிமண்தான். அலுமினாவும் சிலிக்காவும் நிறைந்த, இரும்பு குறைந்த வெள்ளைக் களிமண். நம் நாட்டில் பேராவின் தாப்பா, பீடோர் பகுதிகளில் தோண்டி எடுக்கிறார்களே கயோலின், அந்த இனத்தைச் சேர்ந்தது. அந்த மண்ணோடு நுண்ணிய மரத்தூளையோ, எரிந்து போகக்கூடிய வேறு பொருளையோ கலந்து கல் அறுத்துச் சுடுவார்கள். மரத்தூள் எரிந்து மறைந்துவிடும்; அது இருந்த இடம் துளையாக நிற்கும். மண் குழம்பை நுரைக்க வைத்து அப்படியே இறுகச் செய்யும் முறையும் உண்டு.

எவ்வளவு துளை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுட்ட களிமண்ணின் துகளுக்கு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.6 கிராம். மென்கல்லின் அடர்த்தி 0.6 கிராம். 0.6-ஐ 2.6-ஆல் வகுத்தால் 0.23. அப்படியென்றால் கல்லில் 23 விழுக்காடு மட்டுமே மண். மீதி 77 விழுக்காடு காற்று! செங்கல் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலும் காற்றைத்தான் வாங்குகிறோம். ஆனால் அந்தக் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. நகர முடியாத காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். குளிர்ப்பெட்டியின் சுவரும் போலிஸ்டைரின் ஐஸ் பெட்டியும் இதே தந்திரத்தில்தான் வேலை செய்கின்றன. அவை 1,200 பாகையைத் தாங்காது, அவ்வளவுதான் வேறுபாடு.

இப்படிப்பட்ட கல் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த பிட்டானே என்ற ஊரில் தண்ணீரில் மிதக்கும் செங்கற்கள் செய்தார்கள் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் டஸ்கனியைச் சேர்ந்த ஜியோவான்னி ஃபாப்ரோனி என்ற அறிவியலாளர், நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான ஒருவகை இலேசான மண்ணிலிருந்து அத்தகைய கற்களை மீண்டும் செய்து காட்டினார். ஒரு முனை சிவக்கக் காய்ந்திருக்கும்போது மறுமுனையைக் கையில் பிடிக்க முடிந்தது என்பதுதான் அந்தக் கல்லின் பெருமை. (நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

சுவரே குடித்துவிடும் வெப்பம்

ஒரு கல் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு வெப்பக் கடத்துதிறன் என்று பெயர். வன்கல்லுக்கு அது சுமார் 1.3, மென்கல்லுக்குச் சுமார் 0.2. ஆக, ஒரே தடிமன், இரு பக்கமும் ஒரே வெப்பநிலை வேறுபாடு என்றால் வன்கல் சுவர் வழியாக ஆறு மடங்குக்கு மேல் வெப்பம் வெளியேறும்.

ஆனால் வெளியேறுவது மட்டும்தான் இழப்பு என்று நினைக்காதீர்கள். சுவரும் சூடேற வேண்டுமே! நான்காம் படிவ இயற்பியலில் ‘முவாத்தான் ஹாபா தெந்து’ படித்திருப்பீர்கள். தமிழில் தன்வெப்பக் கொள்ளளவு. இந்தக் கற்களுக்கு அது ஒரு கிலோவுக்கு, ஒரு பாகைக்கு, ஏறக்குறைய 1,000 ஜூல். 200 கல் வைத்து ஒரு சிறிய சூளை கட்டுகிறோம். சுவரின் உட்பக்கம் 1,200 பாகை, வெளிப்பக்கம் அதைவிட மிகக் குறைவு. சராசரியாகச் சுவரின் வெப்பநிலை 600 பாகை உயர்ந்தது என்று வைப்போம்.

வன்கல் சுவரின் எடை 700 கிலோ. 700 × 1,000 × 600 = 42 கோடி ஜூல், அதாவது 420 மெகாஜூல். மென்கல் சுவரின் எடை 200 கிலோ. அதே கணக்கில் 120 மெகாஜூல். வேறுபாடு 300 மெகாஜூல். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாஜூல் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு முறை சூளை போடும்போதும் ஆறரைக் கிலோ எரிவாயு சுவரைச் சூடாக்க மட்டுமே கூடுதலாகப் போகிறது. வீட்டில் வாங்கும் 14 கிலோ தோம்பில் அது கிட்டத்தட்டப் பாதி. புகைபோக்கி வழியே போகும் வெப்பத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நம் ஜொகூரில் ஆயர் ஈத்தாம் வழியாகப் போகும்போது சாலையோரம் பூச்சாடியும் பானையும் குவித்து வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் சீனக் குயவர்கள் கொண்டுவந்த டிராகன் சூளை மரபு உண்டு. சரிவான நிலத்தில் நீண்ட குகைபோலக் கட்டி, கீழ்முனையில் விறகு மூட்டி, பக்கத் துளைகள் வழியாகவும் விறகு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், ஜாலான் பஹார் பகுதியில், தாவ் குவாங் என்ற குடும்பத் தொழிலகத்தின் டிராகன் சூளை இன்னும் இருக்கிறது. 1940-இல் கட்டப்பட்டது, 27 மீட்டர் நீளம். அத்தகைய சூளைகளின் சுவர் கனமான கல்தான். ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான பானைகளை அடுக்கிச் சுட்ட காலத்தில் சுவர் குடித்த வெப்பம் அத்தனை பானைக்கும் பங்கு பிரிந்தது. பத்துப் பதினைந்து குவளை மட்டும் சுடும் பள்ளிச் சூளைக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

இதையே தலைகீழாக யோசித்த ஒருவரும் இருக்கிறார். 1971-இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித் என்பவரோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர். சூளைச் சுவர்தான் வெப்பத்தைக் குடிக்கிறது என்றால், அந்தச் சுவரையே பயனுள்ள பொருளாக்கிவிட்டால் என்ன? 1980-களிலிருந்து அவர் பச்சை மண்கல்லில் வீடு கட்டி, உள்ளே சுட வேண்டிய கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டுக்கே தீ மூட்டினார். வீடுதான் சூளை. நெருப்பு அணைந்ததும் அடுக்கியவற்றை வெளியே எடுத்தால் சுட்ட மண் வீடு ஒன்று நிற்கும். ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி முதலில் முயன்ற வழி அது. குடியிருக்க எல்லாருக்கும் ஏற்ற வழியா என்பது வேறு பேச்சு. வெப்பம் எங்கே போகிறது என்று கேட்ட கேள்வி அருமையானது.

கல்லில் எழுதிய எண்

புதிய மென்கல் பெட்டியில் 23, 26, 28 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். 23 என்றால் 2,300 பாகை ஃபாரன்ஹீட். செல்சியசுக்கு மாற்றுவோம்: 2,300-இலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் சரியாக 1,260. 26-க்கு ஏறக்குறைய 1,430, 28-க்கு 1,540.

‘அப்படியானால் 23 எண் கல்லை 1,260 பாகையில் கவலையில்லாமல் வைக்கலாம்’ என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு அது பொருள் அல்ல. அமெரிக்கத் தர நிறுவனமான ஏ.எஸ்.டி.எம். வகுத்த சி 155 என்ற தரவரையறை சொல்வது இதுதான்: 23-ஆம் வகைக் கல்லை 1,230 பாகையில் 24 மணி நேரம் வைத்து எடுத்தால் அது 2 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கக் கூடாது, அதன் அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு 0.77 கிராமைத் தாண்டக் கூடாது. 26-ஆம் வகைக்கு 1,400 பாகை, 0.86 கிராம். 28-க்கு 1,510 பாகை, 0.96 கிராம். கவனித்தீர்களா? எண் சொல்லும் வெப்பநிலையைவிடச் சோதனை வெப்பநிலை 30 பாகை குறைவு. அந்த நிலையிலும் கொஞ்சம் சுருங்க அனுமதி உண்டு.

வகை உயர உயர அனுமதிக்கப்பட்ட அடர்த்தியும் உயர்வதைப் பாருங்கள். வெப்பத்தை அதிகம் தாங்க வேண்டுமானால் மண் அதிகம் வேண்டும். மண் கூடினால் காற்று குறையும். காற்று குறைந்தால் வெப்பக்காப்பும் குறையும். விலையும் ஏறும். ஆகவே எல்லா இடத்துக்கும் 28 வாங்கிவிடலாம் என்பது புத்திசாலித்தனம் ஆகாது.

எண் இல்லாத கல் கிடைத்தால்?

இப்போதுதான் உண்மையான சிக்கலுக்கு வருகிறோம். உங்கள் பள்ளியின் காட்சிக்கலைக் கழகம் ஒரு சிறிய எரிவாயுச் சூளை கட்ட நினைக்கிறது. புதுக் கல் வாங்கப் பணம் போதாது. தெரிந்தவர் ஒருவர் பிரித்துப் போட்ட பழைய சூளையிலிருந்து 150 மென்கல் இலவசமாகத் தருகிறார். பெட்டி இல்லை, எண் இல்லை. எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் கல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மண்பாண்டச் சூளையிலிருந்து வந்ததென்றால் மேற்கொண்டு பேசலாம். ஏதோ ஒரு தொழிற்சாலை உலையிலிருந்து வந்தது, எந்த உலை என்று தெரியாது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈயம் உருக்கிய உலையின் கல்லில் ஈயம் ஊறியிருக்கலாம். சில உலைகளில் குரோமியம் கலந்த கறுத்த, கனத்த கற்கள் இருக்கும். பயன்பாட்டில் அந்தக் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் வாழும் நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் இந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத தொழிற்சாலைப் பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பள்ளிக்குள் வரக்கூடாது.

நல்ல இடத்திலிருந்து வந்த கல் என்றே வைப்போம். கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கும். நெருப்பைப் பார்த்த பக்கம் அது. அங்கே கண்ணாடிபோல் பளபளப்பு இருந்தால் கிளேஸ் தெறித்தோ, சோடா ஆவி பட்டோ உருகியிருக்கிறது என்று பொருள். சோடியம் சிலிக்காவோடு சேர்ந்தால் உருகுநிலை இறங்கிவிடும்; துளை நிறைந்த கல்லில் ஆவி உள்ளேயும் புகுந்துவிடும். அந்தக் கற்களைத் தனியே தள்ளுங்கள். துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள் நிறைந்த கல்லையும் தனியே வையுங்கள், காரணம் பிறகு வரும்.

அடுத்தது அடர்த்தி. தராசில் வைத்து, நீளம் அகலம் தடிமன் அளந்து, எடையைப் பருமனால் வகுப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கல்லை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் நீர் புகாமல் இறுக்கிச் சுற்றி, ஒரு தொட்டித் தண்ணீரில் படுக்கையாக மிதக்க விடுங்கள். 64 மில்லிமீட்டர் தடிமனில் 38 மில்லிமீட்டர் மூழ்கினால், 38-ஐ 64-ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.59 தான் அதன் அடர்த்தி. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் தராசு இல்லாமலே விடை சொல்லிவிடுகிறது. 150 கல்லையும் இப்படி அளந்தால் அவை இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிவதைக் காண்பீர்கள். ஒரே சூளையில் வெவ்வேறு வகைக் கல் கலந்து கட்டியிருப்பார்கள். அந்தக் கலவையை அடர்த்தி பிரித்துக் காட்டும்.

ஆனால் 0.59 அடர்த்தி உள்ள கல் 23-ஆம் வகைதான் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அதைவிடத் தாழ்ந்த வகையாகவும் இருக்கலாம். தரவரையறை அடர்த்திக்கு மேல்வரம்பு மட்டுமே சொல்கிறது. இலேசான கல் தாங்குமா என்பதை நெருப்புதான் சொல்ல வேண்டும்.

நெருப்புச் சோதனை

ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் இரண்டு கல் எடுத்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லிமீட்டருக்குச் சற்று நீளமான துண்டு ஒன்றை வெட்டுங்கள். மரம் அறுக்கும் பழைய கைரம்பமே போதும். கல்லை ஈரமாக்கிக்கொண்டு, முகக்கவசத்தோடு, ஆசிரியர் முன்னிலையில். துண்டின் மேல் சரியாக 100.0 மில்லிமீட்டர் இடைவெளியில் கூரிய ஆணியால் இரண்டு கோடு கீறுங்கள். பேனாவால் கோடு போட்டால் சூளையில் மை எரிந்து கோடே இருக்காது. துண்டின் எண்ணையும் கீறியே எழுதுங்கள். அல்லது இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் எழுதலாம், அது நெருப்பில் அழியாது.

துண்டை நன்றாக உலர்த்துங்கள். பிறகு, ஏற்கெனவே இயங்கும் ஒரு மண்பாண்டச் சூளையில், வழக்கமான பானைகளோடு ஒரு தட்டில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு கோன் இருக்க வேண்டும். கோன் என்பது விரல் உயரக் கூம்பு. குறிப்பிட்ட வெப்பம் பட்டதும் இளகி வளையும்படி மண்ணும் தாதும் அளந்து கலந்து செய்தது. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சீகர் 1886-இல் பெர்லினில் உருவாக்கிய கருவி இன்றைக்கும் மாறவில்லை. தெர்மோகப்பிள் அந்த நொடியின் வெப்பநிலையைக் காட்டும். கோன் எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு பட்டது என்பதைச் சேர்த்துக் காட்டும். கல்லுக்கு நேர்வதும் அதுதான் என்பதால் இந்தச் சோதனைக்குக் கோன் மிகப் பொருத்தம். 6-ஆம் எண் கோன் 1,220 பாகையை ஒட்டி வளையும். 10-ஆம் எண் கோன் 1,280-க்கும் மேலே.

சூளை ஆறியதும் துண்டை எடுத்து, கீறிய கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியரால் அளங்கள். 98.0 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சுருக்கம் 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கல் தேறவில்லை.

தேறிவிட்டால்? அங்கேயும் நிறுத்தாதீர்கள். தரவரையறை 24 மணி நேரம் கேட்கிறது; நம் சூளை உச்ச வெப்பத்தில் நிற்பது அரை மணியோ ஒரு மணியோ. ஆகவே அதே துண்டை மூன்று நான்கு முறை சூளைக்கு அனுப்புங்கள். விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனை செய்கிறேன். ‘அ’ துண்டு முதல் முறை 99.4, அடுத்து 99.2, மூன்றாம் முறையும் 99.2. ‘ஆ’ துண்டு 99.3, 98.8, 98.2. மூன்று முறைக்குப் பிறகும் இரண்டுமே 2 விழுக்காட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் ‘ஆ’-வை நான் சூளைக்குள் விடமாட்டேன். ‘அ’ சுருங்கி நின்றுவிட்டது. ‘ஆ’ இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. அதிக வெப்பத்தில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே இருக்கும் துளைகளை விழுங்கத் தொடங்குகின்றன. துளை மூடினால் கல் சுருங்கும்; வெப்பக்காப்பும் அதோடு போகும்.

2 விழுக்காடு என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு மீட்டர் நீளச் சுவரில் 2 விழுக்காடு என்றால் 2 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளின் வழியாக 1,200 பாகை வாயு வெளியே வந்து சூளையின் இரும்புச் சட்டத்தைத் தொடும். மேல் வளைவில் சுருங்கினால் கல் தளர்ந்து பானைகளின் மேலேயே விழும். மேலும், சுவரில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் மட்டுமே நெருப்பைப் பார்க்கிறது. அந்த முகம் சுருங்க, பின்பகுதி சுருங்காமல் நிற்க, கல் தன் முகத்துக்கு இணையாகத் தோல் உரிவதுபோல வெடித்துக் கழலும்.

பழுது எங்கே ஒளிந்திருக்கும்?

சுருக்கச் சோதனையில் தேறிய கல்லும் சில இடங்களில் கைவிட்டுவிடும். எரிவாயுச் சூளையில் சில கிளேஸ் நிறங்களுக்காகக் காற்றைக் குறைத்து எரிப்பார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது துளைகளில் புகுந்து, சுவரின் நடுப்பகுதியில் 400 முதல் 600 பாகை இருக்கும் இடத்தில், இரும்புத் துகளைக் கண்டால் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் ஒரு கார்பனாகவும் பிரியும். இரும்பு இங்கே வினையூக்கி. படியும் கார்பன் உள்ளிருந்து கல்லைப் பிளக்கும். துருப்புள்ளிக் கற்களைத் தனியே வைக்கச் சொன்னது இதனால்தான். மின்சூளை என்றால் அந்தக் கற்கள் ஒருவேளை தப்பிக்கும்.

வலிமையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், நகத்தால் கீறினால் உதிர்கிறதே என்று. 23-ஆம் வகைக் கல் ஏறக்குறைய 1 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ. ஒரு மீட்டர் உயரச் சுவரின் அடிக்கல் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் எடை 60 கிராம்தான். சுவருக்குப் போதும். அடிக்கடி தேய்படும் வாசற்பகுதிக்கும், தட்டுகளைத் தாங்கும் இடத்துக்கும், நெருப்பு நேரே அடிக்கும் பர்னர் வாய்க்கும் வன்கல்லே நல்லது.

ஜொகூருக்கே உரிய ஒரு தொல்லை மழை. 77 விழுக்காடு துளையுள்ள கல்லில் துளை எல்லாம் நிறைந்தால் 1.3 லிட்டர் வரை தண்ணீர் நிற்க இடமுண்டு. கல்லின் எடையைவிட அதிகம். வடகிழக்குப் பருவமழையில் வெளியே கிடந்த 200 கல், ஆளுக்கு அரை லிட்டர் குடித்திருந்தால் 100 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் 226 மெகாஜூல், ஏறக்குறைய 5 கிலோ எரிவாயு. எரிவாயு போனாலும் பரவாயில்லை; வேகமாகச் சூடேற்றினால் உள்ளே உண்டாகும் நீராவி கல்லை வெடிக்க வைக்கும். மழையில் நனைந்த கல்லை முதலில் சில நாள் நிழலில் காற்றாட வைத்து, சூளை கட்டிய பிறகு 100 பாகைக்குக் கீழே பல மணி நேரம் வைத்திருந்துதான் மேலே ஏற்ற வேண்டும்.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. மென்கல்லின் தூளில் படிகச் சிலிக்கா உண்டு. பல ஆண்டு நெருப்பில் இருந்த பழைய கல்லில் கிறிஸ்டோபலைட் என்ற வடிவிலும் அது இருக்கலாம். நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. துணி முகக்கவசம் போதாது. என்95 வகை வேண்டும். உலர்ந்த கல்லை மின்ரம்பத்தால் அறுப்பதோ, தூளைத் துடைப்பத்தால் பெருக்குவதோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்த கல்லின் மறுமுனையைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று முன்பே சொன்னேன் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால் சூடான வாயு அதன் வழியே நேராகக் கைக்கு வரும்.

நெருப்பே இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு மென்கல், ஒரு சாதாரணச் செங்கல். இரண்டையும் அறை வெப்பநிலையில் வைத்து, மேலே அலுமினியத் தாள் போட்டு, ஒரே அளவுள்ள ஐஸ்கட்டியை ஒவ்வொன்றின் மேலும் வையுங்கள். எது முதலில் உருகுகிறது என்று நேரம் குறியுங்கள். செங்கல்லின் மேல் இருப்பது விரைவாக உருகும். அது தன்னிடம் உள்ள வெப்பத்தை ஐசுக்கு எளிதாகக் கடத்திவிடும். மென்கல்லின் ஐஸ் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்.

சரி, அந்த 150 கல் என்ன ஆகும்? 6-ஆம் கோனில் சுருங்கி நின்றுவிட்டவை நெருப்பைப் பார்க்கும் உள்வரிசைக்குப் போகட்டும். சுருங்கிக்கொண்டே போனவற்றை வீச வேண்டியதில்லை. உள்வரிசைக்குப் பின்னால் வெப்பம் வெகுவாகக் குறைந்த இடத்தில் இரண்டாம் வரிசையாக அவை பல ஆண்டு வேலை செய்யும். 10-ஆம் கோன் வரை போக ஆசை இருந்தால் உள்வரிசைக்கு 26-ஆம் வகை புதுக் கல் வாங்கிவிடுவது என் யோசனை. 23-ஆம் வகையில் கட்டிய மின்சூளைகளையும் 10-ஆம் கோன் வரை ஓட்டுகிறார்கள், உண்மைதான். உச்ச வெப்பத்தில் அவை சிறிது நேரமே நிற்பதால் அது முடிகிறது. கல்லும் அதற்கேற்ப விரைவில் தேய்கிறது. தள்ளி வைத்த பளபளப்புக் கற்களை மட்டும் சூளைக்குள் எங்கேயும் வைக்காதீர்கள். எந்தக் கல் எந்த வரிசை என்பதை அடுக்குவதற்கு முன்பே இரும்பு ஆக்சைடால் கல்லின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து உங்கள் தம்பி தங்கைகள் அந்தச் சூளையைப் பிரிக்கும்போது எண் இல்லாத கல் குவியலாக அது அவர்கள் கைக்குப் போக வேண்டாம்.